பிள்ளையாருக்குப் போட்ட பலகை

உ
தாபோடி, புனே
11-9-2003

சௌபாக்கியவதி நீலாவுக்கு சித்தப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என் முதுகைத் தவிர நானும் உன் சித்தி கனகவல்லியும் சௌக்கியம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். சித்திக்கு நீ வாங்கித் தந்த சக்கர நாற்காலியைப் பற்றிக் கேட்டிருந்தாய், வீட்டுக்குள் ராஜநடை போடுகிறது, வாசல் படிதான் சனியன். நம்முடையது தரைவீடு என்று பெயர், ஐந்து படி இறங்கினால்தான் தரை. ஒர்க்‌ஷாப்பில் ராணுவ டாங்கியையே தனியாகத் தள்ளினவன் நான், ஆனாலும் சித்தியைத் தூக்கி இறக்கினதில் தை மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது, அதோடு அவள் வெளியே போவதும் நின்றது. படி ஓரமாகச் சரிவுப் பாதை கேட்டு எங்கள் குடியிருப்பு சொசைட்டி மீட்டிங்கில் மராத்தியில் ஒரு மணி நேரம் பேசினேன், பாதிப் பேர் அழுதுவிட்டார்கள், செக்ரட்டரி ஜோக்ளேகர் மட்டும் ஒரு ஆளுக்காகக் கட்டட அழகைக் கெடுக்க முடியாது காகா என்றார். இங்கே எல்லோருக்கும் சித்தப்பா மாதிரி நான் காகா, சித்தி காகூ. அப்புறம் எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில், எனக்கும் அலுத்துவிட்டது அம்மா.

இந்த வருஷம் சொசைட்டி கணபதி பெரிசு. நான் ஆறடி என்பேன், சித்தி நாலு என்கிறாள். கையில் தூக்கினால் உடையும் என்று பயந்து அதே ஜோக்ளேகர் வாசல் படிமேல் பலகை அடித்துத் தள்ளுவண்டியில் கீழ்க்கூடத்துக்கு ஏற்றினார். பிள்ளையார் ஏறின அன்று சாயந்திரமே சித்தி இறங்கினாள், அப்புறம் தினமும் இறங்கினாள். கொத்தமல்லிக்காரியோடு தானே பேரம் பேசிவிட்டு வந்து, இத்தனை நாள் உங்களை நன்னா ஏமாத்தியிருக்கா என்று என்னைத் திட்டினாள்.

முந்தாநாள் விசர்ஜனம். பிள்ளையார் இறங்கி லாரி ஏறினதும் பலகையைப் பெயர்க்கக் கடப்பாரையோடு ஆள் வந்துவிட்டான். சித்தி என்னைப் பாதிச் சரிவு வரை தள்ளச் சொல்லி பிரேக்கைப் போட்டுக்கொண்டாள். மேலே போங்கோ காகூ, பலகையை எடுக்கணும் என்றார் ஜோக்ளேகர். பிள்ளையார் இறங்கியாச்சு, நான் ஏறினா நாளைக்கு இறங்கணுமே, அதுக்கு ஒரு வழி சொல்லு, ஏறறேன் என்று இவள் தன் அரைகுறை மராத்தியில் கேட்டாள். நான் பின்னால் நாற்காலிக்கு முட்டுக் கொடுத்து நின்றேன். டோல் மேளம் அடிக்கிற பையன்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அடுத்த மீட்டிங் வரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் லாரியில் ஏறிக்கொண்டார். என் பேச்சு இப்போதுதான் அவர் மனசில் வேலை செய்திருக்கிறது என்றேன், சித்தி சிரிக்கிறாள்.

பலகை மழையில் ஊறி வளைகிறது. விடிந்ததும் அது இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. சிமெண்டில் கட்டினால்தான் நிம்மதி. உன் ஆபீஸ் பெயர் போட்ட தாளில் சொசைட்டிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் போடு, எட்டாவது படித்த நான் பேசினால் அழுகிறார்களே தவிர கட்டமாட்டேன் என்கிறார்கள். நாற்காலியின் பிரேக் ரப்பர் தேய்ந்துவிட்டது, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்ப மறக்காதே. குழந்தையை வெயிலில் விடாதே. எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு உன் சித்தப்பா,
பாலசுப்ரமணியன்

சித்தி தன் கையால் இரண்டு வரி எழுதுவதாகச் சொல்லி இடம் விடச் சொன்னாள், விட்டிருக்கிறேன். காலையில் அடுத்த வீட்டு சாவித்ரியோடு கீழே போனவள் இன்னும் வரவில்லை. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது, ஒட்டிவிடுகிறேன்.