பழைய ஆயிலும் பொடி மட்டியும்

அனுமந்தை,
ஆகஸ்ட் 9

அன்பு மகள் லிடியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை, மஸ்கட்டில் உன்னையும் ஆண்டவர் அப்படியே வைத்திருக்கட்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

உப்பளத்துக்குப் பின்னால் அம்மா மட்டிச் சிப்பி பொறுக்குகிற ஓடையில் இரண்டு வருடமாகப் பொடி மட்டியே இல்லை என்று அம்மா புலம்பியது உனக்குத் தெரியும். பெரிய மட்டி உயிரோடு இருந்ததால் தண்ணீரில் குறையில்லை என்று நினைத்தோம், பக்கத்து வீட்டுச் சவரியம்மாள்தான் பொடியையும் சேர்த்து வாரிவிடுகிறாள் என்று அம்மா சண்டைக்கே போய்விட்டாள். பிப்ரவரியில் மட்டியை ஆராய்கிற சிவசங்கரி என்ற பெண் வந்து பன்னிரண்டைத் திறந்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். நீ நர்ஸ், உனக்குப் புரியும்: உருண்டையாக இருக்க வேண்டிய முட்டைகள் சுருங்கி உடைந்து கிடந்தன, ஆண் மட்டியின் விந்தணுவில் பாதி நீந்தவே இல்லை. சேற்றில் ஊறிய எண்ணெய் மட்டியைக் கொல்லாமல் அதன் கருவைக் கெடுக்கிறது என்றாள். அம்மா, "எண்ணெய் எங்கருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டாள். மீன் முட்டையிடட்டும் என்று விடுகிற தடைக்காலத்தில்தானே நாங்கள் எஞ்சினைப் பிரித்துப் பழைய ஆயிலை அந்த ஓடையில் ஊற்றுவோம், பதினாறு வருடமாக நானும் ஊற்றியிருக்கிறேன். அங்கேயே சொல்லிவிட்டேன். அம்மா நேரே போய்ச் சவரியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாள், என்னோடு எட்டு நாள் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் படகுக்காரர்களிடம் இதைச் சொன்னேன். ஜெயப்பிரகாஷ், "யோவ் ஏசுராஜு, ஊத்துனதுல பாதி உன்னுதுதான்யா" என்று சிரித்தான், ஆனால் பழைய ஆயிலைச் சேர்க்க முதல் டிரம்மைக் கொண்டுவந்து வைத்தவனும் அவன்தான். இந்தத் தடைக்காலத்தில் ஓடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை, கூனிமேட்டிலிருந்து பழைய ஆயில் வாங்குகிறவரின் வண்டி வந்து டிரம்மை எடுத்துப்போனது. அம்மாவும் மற்றப் பெண்களும் ஒரு வருடம் அங்கே மட்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். போன வாரம் சிவசங்கரி மறுபடி பன்னிரண்டு திறந்ததில் ஏழில் முட்டை நன்றாக இருந்தது, சேறு முழுக்கத் தெளிய இன்னும் சில வருடம் ஆகுமாம். நேற்று அம்மா சேற்றைத் துழாவிப் பயறளவு மட்டிகளை உள்ளங்கையில் ஏந்தி வந்து காட்டினாள், நாற்பத்தொன்று, பார்த்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டாள். "உங்கப்பன் கையால இனிமே எண்ணெய் கடாயில மட்டும்தான் ஊத்தணும்னு எழுதுய்யா" என்று பக்கத்திலிருந்து சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

வேலை முடிந்து வந்ததும் சாப்பிடாமல் தூங்கிவிடாதே. மாதாவின் காவல் உனக்கு எப்போதும் உண்டு. இன்னொன்று, கிறிஸ்துமஸுக்கு வரும்போது மட்டிக் குழம்பு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுவிடாதே. நீ கேட்டால் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
ஏசுராஜ்