நைனாவுக்கு நான் போட்ட ஒன்று

அக்காவுக்கு,

விடுதி அறையில் எப்போதும் ஆள் இருப்பதால் இதைப் போனில் சொல்ல முடியவில்லை.

தறி முதலாளி தருவதாகச் சொன்ன, நூல் குடோனைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நைனா ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்டாய். காரணம் நான்தான்.

போன மாதம் நகரிக்கு வந்தபோது, பக்கவாதத்தில் விழுந்த அவர் வலது கையைச் சோதித்தேன். எங்கள் பிசியோதெரபி படிப்பில் தசையின் பலத்துக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. கை அசையாவிட்டாலும், தொடுகிற விரலுக்குத் தசையில் சின்னத் துடிப்பு தெரிந்தால் ஒன்று. முன்கையில் கட்டைவிரலை வைத்து, "மணிக்கட்ட தூக்கு நைனா" என்றேன். துடித்தது. "பூஜ்யம் போச்சி, ஒண்ணு வந்துட்சி" என்றேன்.

அன்றைக்கே அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் போயிருக்கிறார். "குடோன்லாம் வாணாம். என் தறிய யாருக்கும் குடுக்காத. எனக்கு ஒண்ணு வந்துட்சி."

"இன்னாத்துல ஒண்ணு, பரீட்சையிலயா?" என்று முதலாளி சிரித்தாராம்.

நேற்று திருப்பதியில், வார்டில் ஒரு நோயாளியை அதே போலச் சோதித்தபோது, பாடம் நடத்தும் மேடம் என் கையை விலக்கினார். கட்டைவிரலால் பார்க்கக் கூடாதாம். அதில் நம் நாடியே துடிக்குமாம்.

அன்று துடித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. ஐந்து மாதமாகியும் பூஜ்யமாகவே இருக்கிற கையைப் பற்றிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீ கேட்காதே.

இன்று காலையில் நைனா போன் செய்தார். "பொழுதன்னைக்கும் தூக்கிக்கினே கீறேன். ரெண்டு வந்திருக்குமா பாப்பா?"

"வந்திருக்கும் நைனா" என்றேன்.

உன் தங்கை