டீக்கு ஓடுன வண்டிங்க

மார்ச் 4, செவ்வா

வெயில் கொளுத்துது. கூரைத் தகரத்துல எல குப்ப அடச்சிருக்கு, ஏணி இல்ல. சாமான் இரவல் குடுத்து வாங்க ரேலீன் ஆரம்பிச்ச போன் ஆப்புல பாத்தேன், அவ கிட்டயே ஒண்ணு இருந்துச்சு. எங்க பக்கம் பண்ணைக்குப் பண்ண அம்பது கிலோமீட்டர், வண்டியில போயி எடுத்துட்டு வந்தேன்.

என்னா மூள அவளுக்கு! இந்த ஊருல ஆளுக்கொரு ரம்பம், ஆளுக்கொரு பம்பு. என் மச்சான் மூணு ரம்பம் வாங்குனான், வீட்டுல ஒரு மரம் கெடயாது. அது வேற கத. எல்லாம் துருப்பிடிச்சு குப்பமேட்டுக்குப் போகும். இப்ப ஒண்ணு இருந்தா ஊருக்கே போதும்.

நாளைக்கே திருப்பிக் குடுக்கணும். இரவல் சாமான சும்மா வச்சுட்டு வந்துர முடியுமா? மெஷின்னா டேங்க் நெரப்பணும், கையில கேக்கு இருக்கணும், உக்காந்து டீ குடிக்கணும். எங்க பக்கம் அதான் மரியாத.

மார்ச் 11, செவ்வா

ரேலீன் மொகம் சரியில்ல. யாரு யாரு எவ்ளோ தூரம் வண்டி ஓட்டுனீங்கன்னு எல்லாரையும் கேட்டிருக்கா.

"யோவ் க்ளெம், ஏணி வாங்க ஒருக்கா, குடுக்க ஒருக்கா. நீ எரிச்ச டீசல்ல புது ஏணியே செஞ்சிருக்கலாம்யா."

சிரிச்சேன். அவ சிரிக்கல.

"பூமிக்கு நல்லதுன்னு பீத்திக்கிட்டேன். சாமான் மிச்சம், பொகதான் ஜாஸ்தி. வியாழக்கெழம கூட்டத்துல சொல்லிருவேன். வழி இல்லன்னா மூடிருவேன்."

யாரு கேட்டா இவள? ஒருத்தரும் கேக்கல. தானே தோண்டி எடுத்து, தானே சொல்றா. எத்தன பேருக்கு வரும் இந்த மனசு?

மார்ச் 12

அவ ஆப்ப மூடிட்டான்னா, டீ குடிக்க நான் யார் வீட்டுக்குப் போறது?

மார்ச் 13, வியாழன்

ஆட்டுச் சந்த முடிஞ்சு எல்லாரும் கொட்டகையில கூடுனோம். மறைக்காம சொல்லிட்டா.

தபால் வண்டி ஓட்டுற டார்சி, "நான் தெனம் அந்த வழியாத்தான போறேன்? ஏத்தி விடுங்க, குடுத்துர்றேன்"ன்னான்.

பம்பு இரவல் வாங்கியிருந்த மேவிஸ் துள்ளி எந்திரிச்சா. "இரவல் சாமான தபால்ல அனுப்புறதா? என்னயக் காட்டுமிராண்டின்னு நெனச்சியாடா?"

கொட்டகையே சிரிச்சுது. ரேலீன் மட்டும் யோசன பண்ணிக்கிட்டே நின்னா. அப்பறம் மெதுவா:

"மரியாதய விடவேணாம் மேவிஸ். டீய எடம் மாத்துவோம். வியாழக்கெழம சந்தைக்கு எல்லாரும் எப்படியும் வர்றோமில்ல? சாமான் இங்கயே கை மாறட்டும். கெட்டிலும் இங்கயே கொதிக்கட்டும்."

"கேக்கு?"ன்னு மேவிஸ் கேட்டா.

"கேக்கும்தான்!"

அவ்ளோதான். இது ஏன் நமக்குத் தோணல?

ஏப்ரல் 10, வியாழன்

காலையில டீசல் பங்குக்காரன் கேக்கறான், "என்ன க்ளெம், இந்தப் பக்கமே காணோம்? ஊர விட்டுப் போயிட்டியோன்னு நெனச்சேன்."

சந்தையில மேவிஸ் பம்பத் திருப்பிக் குடுத்தா. டேங்க் வழிய வழிய.

"ஒனக்கு என்னய்யா வேணும்?"ன்னு ரேலீன் கேட்டா.

ஒண்ணும் வேணாம்னேன். ஒரு பார்வ பாத்துட்டு, பெஞ்சுல கெடந்த ரம்பத்தத் தள்ளி வச்சு எனக்கு எடம் போட்டா. மூணு கப்பு குடிச்சேன்.