தோற்றவர் வரவேண்டிய வீடு

பச்சைச் சட்டையைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் என் அன்பு மச்சானுக்கு,

நேற்று மத்தியானம் உங்கள் கிளப்பும் எங்கள் கிளப்பும் ஆடின. ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் மைதானத்தில். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவீர்கள். நாங்கள் ஜெயித்தோம். நாலுக்குப் பூஜ்யம். கோபப்படாமல் முழுவதும் படியுங்கள்.

களைப்பாக இருக்கிறது மச்சான். ஜெயித்தவன் பேசுகிற பேச்சா இது என்று கேட்பீர்கள். நாளெல்லாம் ஆலங்குளம் குவாரியில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்கிறேன். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் எப்போதாவது கடிதம் எழுதியிருக்கிறேனா? போனில் நாலு வார்த்தை திட்டிக்கொண்டால் தீர்ந்தது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அக்கா புருஷன். ராஜபாளையத்துக்காரர். முதலில் நூல் மில், பிறகு பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட். உங்கள் ஊர் கால்பந்து கிளப்புக்கு நீலச் சட்டை, எங்களுக்குப் பச்சை. பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்கள் ஒன்றை ஒன்று இத்தனை வெறுக்க முடியுமா என்று மதுரைக்காரர்கள் கேட்பார்கள். முடியும்.

அக்காவைக் கட்டிக்கொண்டு போன வருஷமே நீங்கள் அந்தச் சட்டத்தைப் போட்டீர்கள். இரண்டு கிளப்பும் மோதினால், தோற்ற கட்சிக்காரன் அன்றைக்குச் சாயங்காலமே, அதே சட்டையோடு, ஜெயித்தவன் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும். ஜெயித்தவன் கறிச்சோறு போட வேண்டும். அவன் என்ன கேலி பேசினாலும் தோற்றவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு தின்ன வேண்டும். காய்ச்சல் என்றோ ஷிப்ட் என்றோ சாக்குச் சொல்லக் கூடாது. நம் இரண்டு வீட்டிலும் பொங்கல் தவறியிருக்கிறது, இது தவறியதில்லை.

அக்கா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பிறந்தது இங்கே, வாழ்க்கைப்பட்டது அங்கே. கேட்டால், "எவன் ஜெயிச்சா எனக்கென்ன, பாத்திரம் தேய்க்கப் போறது நாந்தான" என்பாள்.

அந்த மழை ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? யூனிட்டில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை நாலைந்து மடிப்பாகத் தைத்து, சொட்டு நீலத்தில் முக்கி, கொடி செய்து கொண்டுவந்திருந்தீர்கள். மழை பிடித்துக்கொண்டது. கொடி வெளுத்தது, நீங்கள் நீலமானீர்கள். கடைசி நிமிஷத்தில் உங்கள் ஆள் தலையால் முட்டிப் போட்ட கோலை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்று நனைந்த கோழியாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் அக்கா உங்களைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் நீலம் போகவே இல்லை. "மாப்ள, சாமி கலருலே இது, கும்பிட்டுக்கோ" என்றீர்கள். அந்தத் திமிர் வேறு யாருக்கும் வராது.

சரி, நான் மட்டும் அடிவாங்கியதைச் சொன்னால் எப்படி? உங்கள் ஊரில் நடந்த பைனலையும் சொல்ல வேண்டும். ஒரு கோல் முன்னால் நின்றீர்கள். இன்னும் இரண்டு மூன்று நிமிஷம்தான் பாக்கி. அப்போது மில் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிகிற சங்கு. மைதானத்தைச் சுற்றி நின்ற உங்கள் கூட்டம் முழுக்க மில்லுக்காரர்கள். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு எழுந்திருப்பதுதான் அவர்களுக்கு ஆயுசுப் பழக்கம். எல்லோரும் ஆட்டம் முடிந்ததாகக் குதித்தார்கள். உங்கள் கோல்கீப்பரும் மில்லில்தான் வேலை. நடுவர் விசில் அடித்தாரா என்றுகூடப் பார்க்காமல் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற உங்களிடம் ஓடி வந்தான். நீங்கள் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டீர்கள். எங்கள் பையன் பாதி மைதானத்திலிருந்து ஒரு உதை விட்டான். யாருமில்லாத கோலுக்குள் பந்து மெதுவாக உருண்டு போவதை உங்கள் தோளில் உட்கார்ந்தபடியே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் சமனாகி, பிறகு டைபிரேக்கரில் தோற்றீர்கள். அன்று எங்கள் வீட்டில் நீங்கள் ஒரு வாய்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. எடுத்து வைத்திருந்த கேலியையெல்லாம் விட்டுவிட்டு, குழம்பை உங்கள் பக்கம் தள்ளி வைத்தேன். கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தீர்கள். "அந்தப் பயல ஒண்ணும் சொல்லாத மாப்ள. சங்கு கேட்டா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்." உங்கள் ஊரே அவனைக் காய்ச்சி எடுத்தபோது, அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைந்தவர் நீங்கள்தான். அவன் பெயர் வேல்முருகன். இன்றைக்கு உங்கள் கிளப்புக்குச் செயலாளரே அவன்தான்.

இன்னொரு வருஷம் உங்கள் ஆட்கள் வந்த வேன் வழியில் படுத்துவிட்டது. ஆடாமலே நாங்கள் ஜெயித்ததாக வாக்கோவர் கொடுத்தார்கள். நான் ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. போன் போட்டேன். "பந்து உருளாம நாங்க எப்படிலே தோத்தோம்? அதெல்லாம் தோல்வியில சேராது. கறிய நீயே தின்னு" என்று வைத்துவிட்டீர்கள். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஆவணியில் நீங்கள் போனீர்கள். வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், முறைப்படி அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவரக் கார் கொண்டு போனேன். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். "அவிய இருந்த வீட்டப் பூட்டிட்டு நான் எங்கலே வர? நீ போ" என்றாள். ராணுவத்தில் இருக்கிற உங்கள் மகன் லீவு முடிந்து கிளம்பும்போது, "மாமா, அம்மாவ விட்றாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஞாயிறுதோறும் போனேன். கூப்பிட்டேன், கெஞ்சினேன், ஒருநாள் சண்டையும் போட்டேன். தெருமுனைக் கடைக்குக்கூட அவள் வரவில்லை. "சாப்டியாக்கா?" என்றால் "ஆச்சு" என்பாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது மச்சான். உங்கள் பின்னாலேயே அவளும் கிளம்பிவிடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வருகிற பஸ்ஸில், உங்கள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படியா விட்டுவிட்டுப் போவது?

நேற்று நீங்கள் இல்லாத முதல் ஆட்டம். எனக்கு மைதானத்துக்குப் போகவே மனசில்லை. கிளப்பில் பொறுப்பில் இருக்கிறேனே என்று போனேன். உங்கள் ஆட்கள் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு மில்லில் மாற்று ஆள் வராததால் ஷிப்டை விட்டு வர முடியவில்லையாம். ஏழு பேராவது இல்லாமல் ஆட்டம் தொடங்க முடியாது. வேல்முருகன் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தான்.

"அண்ணே, ரெண்டு பேரு பைக்குல வந்துக்கிட்டிருக்காங்க. செத்த நேரம் பொறுக்கச் சொல்லுங்கண்ணே."

நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். நேரம் முடிந்துவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர்காரர்கள் சம்மதித்தால் காத்திருக்கிறேன் என்றார். எங்கள் டீமைப் பார்த்துக்கொள்கிற ரஹ்மான் என் காதில் வந்து, "வாக்கோவர வாங்கிக்கிட்டுப் போவோம்ணே. நம்ம பயலுவ வெயில்ல வாடுதானுவ" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் வாய் வேறு மாதிரி சொல்லிவிட்டது. "உருளாத பந்துக்கு ஜெயிப்பு எனக்கு வேண்டாம். காத்திருப்போம்" என்றேன். அது உங்கள் பேச்சு என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ரஹ்மான் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த இருவரும் வந்தார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே இறங்கினார்கள். எட்டுப் பேர் மச்சான். எட்டுப் பேரும் நாக்குத் தள்ள ஓடினார்கள். முதல் பாதியில் எங்களால் ஒரு கோல்தான் போட முடிந்தது. பிறகு அவர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. நாலாவது கோல் விழுந்தபோது எங்கள் பக்கத்திலேயே யாரும் கத்தவில்லை. முடிந்ததும் வேல்முருகன் வந்து என் கையைப் பிடித்தான். நீலக் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனான். கொடியை உங்கள் வீட்டில்தான் இன்னமும் வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி செல்வி, "ஜெயிச்சிட்டு வந்த மூஞ்சியா இது?" என்றாள். ஜெயித்து என்ன செய்ய? கேலி பேச ஆள் இல்லை. கறி எடுக்கவில்லை. ரசமும் அப்பளமும்தான். இனிமேல் இந்த மைதானத்துப் பக்கமே போகக் கூடாது, கிளப்பில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன்.

அக்கா நின்றாள்.

சேலைக்கு மேலே உங்கள் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். யூனிட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் சட்டை மாட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி. அப்படியே பஸ் ஏறி, அந்தக் கூட்டத்தில் தனியாக வந்திருக்கிறாள்.

"என்னலே பாக்க? தோத்தவுக வந்தா வாங்கன்னு சொல்ல மாட்டியளோ?" என்றாள்.

செல்வி ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்க மதினி" என்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. "வேல்முருகன் கொடிய வைக்க வந்தான். தோத்துட்டோம் அக்கான்னான். ஆடித் தோத்தியளா, ஆடாமத் தோத்தியளான்னு கேட்டேன். ஆடித்தான்னான். பொறவு வராம இருக்க முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வி தட்டு வைத்துச் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கறி எங்கலே?"

"நீ வருவேன்னு தெரியாதே அக்கா. இந்தா, ஓடிப் போய் சால்னாவாச்சும் வாங்கிட்டு வாரேன்."

"உக்காரு. அவிய இருந்திருந்தா, ரசம் போட்டதுக்கு ஒன்னயச் சும்மா விட்டிருப்பாகளா? ம், ஆரம்பி. ஜெயிச்சவன் பேசணும்ல?"

எப்படிப் பேசுவேன் மச்சான்? வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவளோ உருண்டை பிடித்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்று முழுங்கினாள். இன்னொரு வாய். பிறகு விரலை என் பக்கம் நீட்டிச் சொன்னாள்:

"எட்டுப் பேருலே. எட்டுப் பேர வச்சு நாங்க ஆடுனோம். நீங்க பதினோரு பேரு நின்னு போட்டது நாலே நாலு. இதுல உனக்கு அழுக வேற. வெக்கமா இல்ல?"

நாங்க என்றாள். இத்தனை வருஷம் எந்தப் பக்கமும் சாயாதவள், எங்கள் அப்பா அம்மாவுக்குப் பிறந்தவள், என் கூடப்பிறந்தவள், என்னைப் பார்த்து நாங்க என்கிறாள். உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டாள் மச்சான். உங்களுக்குச் சந்தோஷம்தானே? மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாள்.

காலையில் கிளம்புகிறேன் என்றவள் இன்னும் கிளம்பவில்லை. மத்தியானம் கோழிக்குழம்பு. உப்புப் போதவில்லை என்று செல்வியை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இப்போது உள்ளே படுத்துத் தூங்குகிறாள். அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்துக்கே வரப்போகிறாளாம். நான் கிளப்பில் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நான் இருக்கும்வரை உங்கள் கிளப்பிடமிருந்து வாக்கோவர் வாங்க மாட்டேன், எத்தனை நேரமானாலும் காத்திருப்போம். அக்கா மனசு குளிரட்டும் என்று விட்டுக்கொடுத்துத் தோற்கவும் மாட்டேன். அவள் கண்டுபிடித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள். நியாயமாகத் தோற்கிற அன்றைக்குப் பச்சைச் சட்டையோடு ராஜபாளையம் பஸ் ஏறுவேன். அக்கா என்ன பேசினாலும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு தின்பேன்.

இப்படிக்கு,
இனிமேல் நம் குடும்பத்தில் பச்சைக்குத் தனிக்கட்சியாகிவிட்ட
உங்கள் மாப்ள,
முத்துப்பாண்டி