கண்ணாடி இழையைத் திரித்தவளுக்கு

சோப்பு போட்டுக் கழுவியும் கையில் ஸ்பிரிட் வாடை போகவில்லை. பஜார் தெருவில் கால்வாய் தோண்டிய இயந்திரம் இணையக் கேபிளை அறுத்துவிட்டது. உள்ளிருக்கும் கண்ணாடி இழைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒவ்வொன்றாக இணைத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். உட்காரத்தான் முடியவில்லை.

மாலைக்குள் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். சென்னை கால் சென்டரில் மேற்பார்வையாளர் வேலையாம், ஏசி அறையாம். எனக்கு வேண்டியது அதுவல்ல. ஆரணியில் புதிதாக அமைக்கும் ஃபைபர் குழுவின் பொறுப்பு வேண்டும். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து ஓய்ந்து, இதை உனக்கு எழுதுகிறேன்.

நீ இருந்திருந்தால், "இன்னாடி பேஜார் பண்ணிகினு இருக்கே, போனைப் போடு" என்றிருப்பாய்.

செய்யாரில் கேபிள் பயிற்சியின் முதல் நாள் ஞாபகம் வருகிறது. நாம் இருவருமே தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கும் நெசவு வீட்டுப் பெண்கள். பட்டு வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டு இழைமுனைகளைத் திரித்தே பழகியவர்கள். நீ அதே நினைப்பில் இடுப்பிலிருந்த சாம்பல் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடி இழையைப் பிடித்துத் திரித்தாய். அது பட்டென்று ஒடிந்தது.

"ஐயோ, குத்திகினு உள்ள போயிடுச்சுடி!"

வகுப்பே சிரித்தது. "பொண்ணுங்களுக்கு போன்ல பேசற வேலை இருக்கும்மா, அதுக்குப் போங்க" என்றார் பயிற்சியாளர். நீ விரலைப் பிடித்துக்கொண்டே கேட்டாய்: "ஏன் சார், ஆம்பளைங்க விரல்னா இது குத்தாதுங்களா?"

அப்புறம் அவர் நம்மை போன் வேலைக்கு அனுப்பப் பார்க்கவே இல்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாயே, பாவி! ஒரு வாரம் படுத்திருந்தால் பிழைத்திருப்பாய். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா, சென்னைதானே?"

"இல்லைங்க சார். ஆரணி டீமை எனக்குக் குடுங்க."

"கம்பம் ஏறணும், வெயில்ல நிக்கணும். ஆம்பளைங்க உன் பேச்சைக் கேப்பாங்களா?"

"கேக்கலைன்னா கேக்க வெக்கிறேங்க."

"மேல பேசிட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பொறுப்பு கிடைக்குமோ கிடைக்காதோ. நம் இருவரில் எதிர்த்துப் பேசும் வேலை எப்போதும் உன்னுடையதாகத்தானே இருந்தது? அதை இன்று நான் எடுத்துக்கொண்டேன்டி.