பானைத் தண்ணீரில் குளிர்ந்த சிரா

என் அருமைத் தோழிக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வயிற்றுவலியில் சிணுங்கிக்கொண்டிருந்த பையன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாயிற்று. என் பயம் உனக்குத் தெரியாததா? அவனுக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கப் புட்டியைத் திறந்தேன். மூடியிருந்த தக்கையில், ஓமத்தையும் மீறி அந்தப் பழைய வாசனை. கறுத்த திராட்சை, கொஞ்சம் மிளகு. நீ ரங்கூனுக்குக் கப்பலேறியபோது என்னிடம் தங்கிப்போன தக்கை அது.

துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் நாம் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருந்த கோடை நினைவிருக்கிறதா? உன் வீட்டுக்காரர் ஒயின் இறக்குமதிக் கம்பெனியில் குமாஸ்தா. ரங்கூன் கிளையின் பொறுப்புக்கு ஆள் தேடினார்கள். "குடிக்கவே தெரியாத நீ ஒயினை எப்படி விற்பாய்?" என்று துரை அவரைக் கேட்டாராம். கையில் இரண்டு புட்டியைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருகிறேன், இதற்குப் பொருந்துகிற சாப்பாடு போட்டால் வேலை உனக்கு என்றும் சொல்லிவிட்டார். அது தவறினால் ஆயுசுக்கும் குமாஸ்தாதான் என்று நீ கலங்கி நின்றாய்.

சிரா என்ற கறுப்புத் திராட்சையில் செய்த ஒயின். விளக்கில் பிடித்தால் மறுபக்கம் தெரியாத சிவப்பு. கூட வந்த தாளில், அறையின் சூட்டிலேயே பரிமாற வேண்டும் என்று போட்டிருந்தது. காலேஜில் படித்த நாம் இருவரும் அச்சில் வந்ததை மீறுவோமா? வைகாசி வெயிலில் அலமாரி மேல் வைத்து, மறுநாள் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டோம்.

"கஷாயம்டீ இது," என்று முகத்தைச் சுளித்தேன்.

நீ தாளை மறுபடி படித்தாய். "சீமையில அறைன்னா அது வேற அறைடீ. அங்க கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

புட்டியைக் கழுத்துவரை பானைத் தண்ணீரில் இறக்கினோம். சாயங்காலம் அது வேறு சரக்காக இருந்தது.

அப்புறம் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடுகு அரைத்த இலிஷ் மீனோடு குடித்துப் பார்த்துவிட்டு, துருப்பிடித்த ஆணியை நக்கினது போல் இருக்கிறது என்றாய். புளிக்குழம்பு ஒயினை வெறும் தண்ணீராக்கிவிட்டது. மிளகாய் போட்ட கறி தொண்டையை எரித்தது. கடைசியில் கொழுப்போடு சுருள வதக்கிய ஆட்டுக்கறி மிளகு வறுவல். ஒரு வாய் கறி, ஒரு மிடறு ஒயின். நாக்கைப் பிடித்த துவர்ப்பு கொழுப்பில் அடங்கியது. ஒயினின் மிளகு வாசனையும் கறியின் மிளகும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

உன் வீட்டுக்காரர் உள்ளே வந்து புட்டியைப் பார்த்தார். "என்னது, பாதியைக் காணோம்?"

"உங்க உத்தியோகத்துக்குத்தான் பாடுபடறோம்," என்றாய். அதைச் சொல்லவே உனக்கு நாக்குக் குழறியது.

ஞாயிற்றுக்கிழமை நாம் திரைக்குப் பின்னால் நின்றோம். துரை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். இதைக் குளிர வைத்தது யார் என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் பானையைக் காட்டினார். துரை எழுந்து வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து, இரண்டாம் தடவை வறுவல் கேட்டு வாங்கினார். கை கழுவும்போது, ரங்கூனில் வெயில் கடுமை, இந்தப் பானையையும் கொண்டுபோ என்றார்.

நாம் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். பிறகு உன் பிடி மெல்லத் தளர்ந்தது. உனக்குத் தோன்றியதுதான் எனக்கும் தோன்றியது. நன்றாகச் சமைத்து உன்னை நானே கப்பலேற்றிவிட்டேன். ஆனாலும் அன்று போல் நான் சந்தோஷப்பட்ட நாள் இல்லை.

குழந்தை வளர்ப்புக்கு ஒரு சீமைப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். குழந்தையின் வயிற்றை எப்போதும் கம்பளித் துணியில் சுற்றி வைக்கச் சொல்கிறது. சுற்றிச் சுற்றி அவன் உடம்பெல்லாம் வேர்க்குரு. இன்று தக்கையை முகர்ந்ததும் உன் குரல் கேட்டது: அது வேற அறைடீ. கம்பளியை அவிழ்த்து எறிந்து விசிறினேன். அப்புறம்தான் தூங்கினான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது தக்கை மட்டும் இல்லை.

உனக்கு எட்டாம் மாதம் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. இரண்டு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.