மேசைக்கு அடியில் ஒரு பெண்

என்னங்க,

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வகுப்பில் ஒரு பெண், மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிடுகிறாள் என்று நம் மகள் சொல்வாளே, அந்தப் பெண்ணைப் பற்றிப் புகார் சொல்ல இன்று பள்ளிக்குப் போனேன். மகளும் பக்கத்தில்தான் நின்றாள்.

"அந்தப் பொண்ணை வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது" என்று சத்தம் போட்டேன்.

ஆசிரியை நம் மகளை விளையாட அனுப்பிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அது உங்க பொண்ணுதான். இதைப் பேசத்தான் உங்களை ரெண்டு தடவை வரச்சொன்னோம்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

இனி மணி அடிப்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்வார்களாம். தனியாக உட்காரவைத்தும் சொல்லித்தருவார்களாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வரும் வழியில் மகள் கேட்டாள்: "அம்மா, அந்தப் பொண்ணை அனுப்பிடுவாங்களா?"

"மாட்டாங்க கண்ணு. அம்மாதான் தெரியாம பேசிட்டேன்."

"சரி, அவகிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

அந்தப் பெண்ணை நமக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நீங்கள் நம் மகளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் இப்போது நம்பமாட்டாள்.

தலை நிமிர முடியாமல்,
உங்கள் மனைவி